காவியம் சித்திரக் கதையான வரலாறு



கதைகள் ஓரிடத்தில் தங்குவன அல்ல. பாட்டாய்ப் பிறந்தது கூத்தாகும். கூத்து கோயிற் சிற்பமாகும். இந்நெடும் பயணத்தில் நம் காலத்தார் கண்டதொரு நிலையமே சித்திரக் கதைப் புத்தகம்.

பெருநூல்களைச் சித்திரக் கதையாக்கும் முயற்சி அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டில் ஓங்கியது. ஆல்பர்ட் கான்டர் என்பார் பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலைப் படங்களாக்கி வெளியிட்டார். பின்னர் 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' எனப் பெயர் பெற்ற அவ்வரிசை, பல நாட்டு இலக்கியங்களைச் சிறுவர் கையில் சேர்த்தது.

நம் நாட்டில் இப்பணியைப் பெருக்கியவர் அனந்த் பை. கர்நாடகத்துக் கார்க்கலாவில் 1929இல் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, பம்பாய் சேர்ந்தவர். 1967இல் அவர் டில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியைக் கண்டார். கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிய வினாவுக்கு விடையிறுத்த மாணவர், இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கு விடையின்றி நின்றனராம். அந்த வருத்தமே தம்மை இத்துறைக்குச் செலுத்தியதென்று அவர் பலமுறை கூறியுள்ளார். இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தார் துணை நிற்க, 'அமர் சித்திர கதா' வளர்ந்தது. வரிசையின் முதற் பத்து இதழ்கள் மேனாட்டுக் கதைகளே. 11ஆம் எண்ணாக வந்த 'கிருஷ்ணா'வே நம் புராணத்தின் முதல் இதழ். அதற்குச் சித்திரம் தீட்டியவர் ராம் வாயீர்க்கர்.

அவ்வோவியர்களுக்கு வழிகாட்டிய மரபும் ஒன்றுண்டு. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வண்ணப் படங்கள், இல்லந்தோறும் தெய்வங்களுக்கு ஓர் உருவை நிலைநாட்டியிருந்தன. அவ்வுருவங்களே பெரும்பாலும் கட்டங்களுக்குள் புகுந்து பேசத் தொடங்கின.

குறைகளும் இல்லாமலில்லை. தேவரைச் செந்நிறமாகவும் அசுரரைக் கருநிறமாகவும் தீட்டும் வழக்கத்தை ஆராய்ச்சியாளர் கண்டித்துள்ளனர். அதனினும் பெரிய இடர்ப்பாடு சுருக்கமே. ஓர் இதழின் அளவு பெரும்பாலும் 32 பக்கம். மூன்று காண்டங்களும் முப்பது காதைகளும் கொண்ட சிலப்பதிகாரம் அதனுள் எங்ஙனம் அடங்கும்?

இவ்வினா அடியேன் இல்லத்திலேயே எழுந்தது. இவ்வூரிலேயே பிறந்து, இந்தியும் ஆங்கிலமும் படித்து வளரும் என் மகள், கண்ணகி கதையை ஆங்கிலச் சித்திரப் புத்தகத்தில் படித்து முடித்தாள். "அப்பா, இக்கதை தமிழில் இருக்கிறதா?" என்று கேட்டாள். தமிழின் தலைசிறந்த காப்பியத்தை வேற்றுமொழியிலிருந்து மொழிபெயர்த்ததோ என ஐயுற்ற அவ்வினா என்னைத் தலைகுனிய வைத்தது. குற்றம் குழந்தையினுடையதா, அன்றி அலுவலகப் பேரேடுகளன்றி வேறு ஏடு புரட்டாத என்னுடையதா?

அன்றிரவே மூலநூலை எடுத்தேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்குச் செய்யுள் எளிதில் விளங்கவில்லை. காலனியில் வாழும் முதிய தமிழாசிரியர் ஒருவரை நாடினேன். அவர் படித்துப் பொருளுரைத்தார். பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த கட்டத்தில், "படத்தில் இதைப் பார்த்தேன், தாத்தா!" என்று என் மகள் துள்ளி எழுந்தாள். அப்படம் அவளுக்கு முன்னரே தெரிந்திருந்ததாலன்றோ அச்செய்யுள் அவளுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை!

ஆகவே, சித்திரக் கதையை இகழ்வதும் வேண்டா. அதுவே போதுமென்று இருப்பதும் வேண்டா. அது வாயிற்படி; வீடு அப்பால் உள்ளது. அனந்த் பை 2011இல் மறைந்தார். அவர் திறந்த வாயில் திறந்தே இருக்கிறது. குழந்தையின் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்வது பெற்றோராகிய நம் கடன். நம் சங்க நூலகத்தில் சித்திரக் கதைகளுக்கு அருகிலேயே அவற்றின் தமிழ் மூலங்களையும் அடுக்கி வைப்போமாக. வாரம் ஒரு மாலை அவற்றைப் படித்துக் காட்டுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!