டில்மன் சட்டமும் வராத வாக்காளரும்

அமெரிக்கர்கள் ஏன் வாக்களிக்க வருவதில்லை என்று கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லும் விடை ஒன்றுண்டு: அரசியலுக்குள் பெரும்பணம் புகுந்தது, மக்கள் வெறுத்து ஒதுங்கிவிட்டார்கள். வரலாறு இதற்கு அத்தனை எளிதில் இணங்குவதில்லை.

1896ஆம் ஆண்டைப் பார்ப்போம். மெக்கின்லிக்காக நிதி திரட்டிய மார்க் ஹன்னா, வங்கிகளிடம் அவற்றின் மூலதனத்திற்கேற்ப, ஏதோ வரி விதிப்பவர் போலவே வசூலித்தார். ஸ்டாண்டர்டு ஆயில் மட்டும் 2,50,000 டாலர் தந்தது. அந்தத் தேர்தலில் வாக்குரிமை உடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1924இலோ பாதிப்பேர்கூட வரவில்லை. இடையில், 1907இல், நிறுவனங்கள் வேட்பாளருக்கு நன்கொடை தருவதைத் தடைசெய்யும் முதல் கூட்டாட்சிச் சட்டம் வந்திருந்தது!

காப்பீட்டு நிறுவனங்கள் சந்தாதாரர் பணத்தை எடுத்து 1904இல் ரூஸ்வெல்ட்டின் கட்சிக்குக் கொடுத்தது 1905 விசாரணையில் அம்பலமானதன் விளைவு அது. சட்டத்தைக் கொண்டுவந்தவர் தென் கரோலினாவின் செனட்டர் பெஞ்சமின் டில்மன். இந்தப் பெயரிடம் நாம் சற்று நிற்க வேண்டும்.

1876இல் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பின மக்களைக் கொன்ற கும்பலில் இருந்தவர் அவர். பின்னாளில் அதை மேடைகளில் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். 1895இல் தம் மாநிலத்திற்குப் புதிய அரசியல் சட்டம் எழுத முன்னின்றார். எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, நெடுங்காலக் குடியிருப்பு நிபந்தனை. வாசகத்தில் நிறம் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் தேர்வில் தேறியவர் யார் என்று தீர்மானிப்பவர் வெள்ளை அலுவலர். அந்த அவையிலிருந்த ஆறு கறுப்பின உறுப்பினருள் ஒருவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862இல் அடிமையாக இருந்தபோதே தென்மாநிலப் படையின் கப்பலைக் கடத்திச் சென்று விடுதலை பெற்றவர், பின்பு காங்கிரஸ் உறுப்பினரானவர். அவர் எதிர்த்து வாதிட்டார், பயனில்லை.

1876இல் தென் கரோலினாவில் பதிவான வாக்குகள் 1,80,000க்கு மேல். கள்ள வாக்குகளைக் கழித்துவிட்டே பார்த்தாலும் பெருந்தொகைதான். 1924இல், பெண்களும் வாக்குரிமை பெற்ற பிறகு, ஏறத்தாழ 50,000. இதை வாக்காளரின் அலட்சியம் என்று எழுத நமக்குக் கை வரவில்லை.

டில்மனின் 1907ஆம் ஆண்டுத் தடை ஏட்டில் இன்றும் இருக்கிறது. நிறுவனங்கள் தாமாகவே செலவழிக்கலாம் என்று 2010இல் உச்சநீதிமன்றம் பக்கவாசலைத் திறந்துவிட்டது. அவருடைய 1895ஆம் ஆண்டு வேலையைக் கலைக்க 1965 வரை ஆயிற்று.