புளியந்தீவும் துறைகளும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, தன் கரைகளில் வாழும் மக்களை இரு பகுதியினராக வகுத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை எனவும், வயலும் காடுமாக விரிந்து செல்லும் மேற்குக் கரை படுவான்கரை எனவும் பெயர்பெறும். இவ்வாவியிலுள்ள சிறுதீவாகிய புளியந்தீவே இன்றைய மட்டக்களப்பு நகரின் பழைய மையமாகும். விடுமுறைக் காலத்தில் நண்பர் குழுக்களாக இந்நகரைக் காண வருவோர் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, கல்லடிப் பாலத்தில் சிறிதுநேரம் நின்றுவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் தரைவழியே வருகின்றனர். ஆனால் இந்நகரின் வரலாற்றை ஆக்கியவர்களுள் பெரும்பாலோர் நீர்வழியே வந்தவர்கள் என்பதால், துறைகளை விட்டுவிட்டுக் கோட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அவ்வரலாற்றின் பாதிகூடப் புலப்படுவதில்லை.

வாவி கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம் எனப்படும். கோடையில் மணல் அதனை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் மீண்டும் திறந்துவிடும். பெருங்கப்பல்கள் உள்ளே நுழைய இயலாமல் வெளியே நங்கூரமிட, சிறு படகுகளே புளியந்தீவு வரை வந்து சென்றன. இந்த இயற்கைக் காப்பே இத்தீவைக் கோட்டைக்கு ஏற்ற இடமாக்கியது எனலாம். 1602 மே மாத இறுதியில் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கி, இங்கிருந்து தரைவழியே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். போர்த்துக்கேயரை எதிர்க்க ஒரு கடற்படைத் துணையைத் தேடிக்கொண்டிருந்த கண்டி அரசுக்கு மட்டக்களப்பு அன்று உலகை நோக்கித் திறந்த வாயிலாக விளங்கியது. அவ்வாயிலை அடைக்கும் நோக்குடனேயே போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர்.

நான்கு கொத்தளங்களைக் கொண்ட அக்கோட்டை அளவிற் சிறியது. கொத்தளம் என்பது மதிலின் மூலையில் பீரங்கி நிறுத்துவதற்காக வெளியே துருத்திக் கட்டப்படும் மேடையாகும். கோட்டை சிறிதாயினும், அதன் பெயரோடு இணைந்த உடன்படிக்கை இலங்கை முழுவதன் தலைவிதியையும் மாற்றியது. 1638 மே 18 ஆம் நாள் ஒல்லாந்த அட்மிரல் ஆதம் வெஸ்டர்வோல்டின் கப்பற்படையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் தரைப்படையும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றின. ஐந்து நாள் கழித்து, மே 23 இல், இதே இடத்தில் இரு தரப்பினரும் உடன்பட்டனர். போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் மன்னன் ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் வாசகம் மன்னனிடம் இருந்த படியில் காணப்பட, ஒல்லாந்தரின் படியில் அது இடம்பெறவில்லை. அந்தச் சில சொற்களின் இன்மையே, 1656 இல் கொழும்பு வீழ்ந்தபின் அதனை மன்னனிடம் ஒப்படைக்காமல் ஒல்லாந்தர் தாமே வைத்துக்கொண்டதற்கும், அதன்பின் நீண்டகாலம் நிலவிய பகைமைக்கும் அடிப்படையாயிற்று. ஆங்கிலேயர் காலத்திலும் அதன்பின் அண்மைக் காலம் வரையிலும் மாவட்டக் கச்சேரி, அதாவது அரச நிருவாக அலுவலகம், இக்கோட்டைக்குள்ளேயே இயங்கி வந்தது.

1814 இல் இதே நீர்வழியே வந்திறங்கிய வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் அவ்வாண்டிலேயே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அதுவே. மறு ஆண்டில் அவர் இங்கேயே மறைந்தார். 1848 இல் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், வாவியின் நீரடியிலிருந்து எழும் இன்னிசையைக் கேட்பதற்காக இரவில் படகேறினார். அவ்வொலி ஒருவகைச் சிப்பியினத்திலிருந்து வருகிறது என்று மீனவர் அவருக்குக் கூறினர். பொதுமக்களோ அதனை மீனின் பாட்டு என்றே நம்பினர். மட்டக்களப்புக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் பெயர் நிலைபெற்றதும் அந்நம்பிக்கையால்தான். நிலவொளியில் தோணியைக் கல்லடிப் பக்கம் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஊன்றி மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்கும் வழக்கம் நெடுநாள் இருந்துவந்தது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இவ்விசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு கவிதை புனைந்தார்.

புளியந்தீவைக் காட்டிலும் ஆழமான வரலாறு அதற்குத் தெற்கே, இரு கரைகளையும் இணைத்த துறைகளில் கிடக்கிறது. எழுவான்கரையில் வீடு வைத்திருந்த போடியார்கள், அதாவது பெருநிலக்காரர், படுவான்கரையிலுள்ள தம் வயல்களுக்குத் தோணியேறியே சென்றனர்; விதைப்புக்கும் வெட்டுக்கும் ஆட்கள் அவ்வாறே கடந்தனர்; நெல் இப்பக்கம் வர, கடல்மீனும் தேங்காயும் அப்பக்கம் போயின. அம்பிளாந்துறை போன்ற ஊர்ப்பெயர்கள் இப்போக்குவரத்தின் பழமைக்குச் சான்று. பிற்காலத்தில் மிதவைகளின்மேல் பலகை பரப்பி வண்டிகளையும் ஏற்றிச் சென்ற கலத்தை இப்பகுதியார் ‘பாதை’ என்றே அழைத்தனர். மண்முனைப் பாதையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும், குருமண்வெளிப் பாதையில் சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் கோயிலுக்கும் அடியார் கூட்டங்கூட்டமாகக் கடந்தனர். மண்டூரில் கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மந்திர ஒலியின்றிப் பூசை செய்வார். உறவினரும் நண்பரும் குழுவாகச் சென்று, கோயில் வீதியில் தங்கித் திரும்பும் இப்பயணமே, சுற்றுலா என்னும் வழக்கம் தோன்றுவதற்கு முன்பு, இவ்வட்டாரத்தின் உண்மையான ஊர்காண் பயணமாக இருந்தது.

உள்நாட்டுப் போர்க்காலம் இத்துறைகளின் இயல்பை அடியோடு மாற்றியது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் நகரும் எழுவான்கரையும் அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தமையால், வயலுக்கும் கோயிலுக்கும் செல்லும் வழியாக இருந்த துறை சோதனைக்கும் அச்சத்துக்கும் உரிய இடமாயிற்று. அந்நாள்களில் வாவியைக் கடந்த நோயாளரும் மாணவரும் பட்ட துயரம் இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. 2014 இல் மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது. அதனால் படுவான்கரை மக்கள் அடைந்த நன்மை பெரிது, அதனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எனினும், பாலம் வந்ததும் பாதை நிற்கிறது. பாதையோட்டியவர்கள் வேறு தொழிலுக்குச் செல்கின்றனர். அவர்கள் அறிந்திருந்த நீரோட்டமும் காற்றும் கரைகளின் கதையும் அவர்களோடு போய்விடுகின்றன. வி.சீ. கந்தையா 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலின்வழி இவ்வட்டாரத்தின் வழக்காறுகளுக்குச் செய்த பணி, துறைகளுக்கும் தோணிக்காரருக்கும் செய்யப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும் ஊர்ப் பாடசாலைகளும் முதியோர் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே அதனைத் தொடங்க வேண்டும். மட்டக்களப்பைக் காண வருவோரும் கோட்டைக்கு ஒரு முற்பகலைக் கொடுத்தபின், அந்நாளின் மறுபகுதியைப் படுவான்கரைக்கு ஒதுக்கி, துறையடியில் இருக்கும் பெரியவர்களிடம் சிறிதுநேரம் பேசிவிட்டுச் செல்வார்களாக.