கண்ணில் பூ விழுந்த கதை

ஊர்ப்பக்கம் பெரிசுங்க "அவனுக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கருவிழியில வெள்ளையா ஒரு தழும்பு. இது பலருக்குக் கருவிழிப் புண் ஆறின பிறகு மிஞ்சுற அடையாளம். புண் ஆறிடும், பார்வை திரும்பாது. இந்தப் புண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அதுல நம்ம மதுரைக்கும் பெரிய பங்கு உண்டு.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. கருவிழிங்கிறது கண்ணுக்கு முன்னாடி இருக்கிற, சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி மாதிரியான திசு. (கருப்பா தெரியிறது அதுக்குப் பின்னாடி இருக்கிறதுதான்.) ஒளி உள்ள போகணுமே, அதனால அதுல ரத்தக்குழாய் கிடையாது. மேல்தோல் முழுசா இருக்கிற வரைக்கும் பெரும்பாலான கிருமிகள் உள்ள நுழைய முடியாது. ஒரு நெல் தாளோ கரும்புச் சோகையோ கீறிடுச்சுன்னா கதவு திறந்த மாதிரிதான்.

1879ல ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர்கிட்ட ஒரு விவசாயி வந்தார். கதிரடிக்கும்போது ஓட்ஸ் உமி கண்ணுல பட்டுப் புண்ணாயிருந்தது. அந்தப் புண்ணுல லேபர் கண்டுபிடிச்சது பூஞ்சை, அஸ்பெர்ஜில்லஸ் வகை. பூஞ்சையால கருவிழிப் புண் வரும்னு மருத்துவ உலகம் பதிவு பண்ணின முதல் கேஸ் இதுதான். முதல் நோயாளியே விவசாயி பாருங்க, இன்னிக்கு வரைக்கும் அது பெரிசா மாறலை.

காரணம் தெரிஞ்சுபோச்சு, ஆனா மருந்து? அதுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆச்சு. 1955ல தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் மண்ணுல இருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர்ல நாடாமைசின் கிடைச்சது. (காந்தியை ரயிலை விட்டு இறக்கிவிட்டாங்களே, அதே ஊர்!) நேட்டால் மாகாணத்து மண்ணுங்கிறதால அந்தப் பேர். பாலாடைக்கட்டியில பூஞ்சை பிடிக்காம இருக்கவும் இதே சரக்கைத்தான் தடவுறாங்க :)

இப்ப மதுரைக்கு வருவோம். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூணே மாசத்துல அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை டாக்டர் சீனிவாசன் குழு ஆராய்ஞ்சாங்க. மூணுல ரெண்டு பேருக்கு அதுக்கு முன்னாடி கண்ணுல அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்தது 297 பேருக்கு. அதுல பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139. கிட்டத்தட்ட சரிபாதி! இது ஏன் முக்கியம்னா, ரெண்டுக்கும் மருந்து வேற. பாக்டீரியா மருந்தைப் பூஞ்சைக்கு விட்டா நாள்தான் வீணாகும். "சிவப்பு போகட்டும்"னு கடையில ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விட்டா, பூஞ்சைக்குச் சோறு போட்ட மாதிரி. ஆனா எதுன்னு கண்டுபிடிக்கிறது பெரிய வித்தை இல்லை. புண்ணை லேசா சுரண்டி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்தா, பெரும்பாலும் சில நிமிஷத்துல பூஞ்சை இழை தெரிஞ்சிடும்.

அப்புறம் வந்ததுதான் சுவாரசியம். வோரிகொனசோல்னு ஒரு புது மருந்து வந்து, அதுதான் இனி எல்லாம்னு பேச்சு. நம்ம ஃபீல்டுல புது வெர்ஷன் வந்தா குதிப்போமே, அதே கதை. அரவிந்த் மருத்துவர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து 323 நோயாளிகளை ரெண்டா பிரிச்சு, யாருக்கு எதுன்னு குலுக்கிப் போட்டுப் பார்த்தாங்க. 2013ல முடிவு வெளியாச்சு. ஜெயிச்சது பழைய நாடாமைசின்! அதுலயும் ஃபுசேரியம் வகைப் பூஞ்சைக்கு வித்தியாசம் ரொம்பப் பெரிசு. 2017ல உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தது.

சரி, புண்ணே வராம தடுக்க முடியாதா? நேபாளத்துல பக்தபூர்ல ஒரு ஆய்வு, 2001ல வெளியானது. கருவிழியில கீறல் பட்ட 442 பேருக்குக் கிராமத்துலயே குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டாங்க. 18 மணி நேரத்துக்குள்ள வந்த 284 பேர்ல ஒருத்தருக்குக்கூடப் புண் வரலை. 18ல இருந்து 24 மணிக்குள்ள வந்த 109 பேர்ல 4 பேருக்கு. ஒரு நாள் தாண்டி வந்த 49 பேர்ல 14 பேருக்கு. அந்த நம்பரை இன்னொரு தடவை படிங்க.

ஆனா ஒரு விஷயத்தையும் சொல்லியாகணும். பக்தபூர்ல ஒப்பிட்டுப் பார்க்க களிம்பு போடாத குழு கிடையாது. பின்னாடி நேபாளத்துலயே 24 பகுதிகளைக் குலுக்கிப் பிரிச்சு நடத்தின பெரிய ஆய்வு 2022ல வெளியாச்சு. களிம்போட கிராமப் பணியாளர் இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் புண் எண்ணிக்கையில வித்தியாசம் தெரியலை. அடச்சே-ன்னு இருந்தது. களிம்பு கையில இருந்தா மட்டும் போதாது, கண்ணுல கீறினவன் அன்னிக்கே வரணுமேன்னுதான் எனக்குத் தோணுது. களையெடுப்பு நடுவுல கண்ணுல உறுத்தினா யார் வேலையை விட்டுட்டுப் போவாங்க? ஒரு நாள் கூலி போயிடுமே. தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, நந்தியாவட்டைச் சாறு விடுன்னு மூணு நாள் ஓடிடும். கீறின கண்ணுல இதெல்லாம் புதுக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும்.

அதனால ஊர்ல இருக்கிற உங்க சித்தப்பா, அத்தைகிட்ட போன்ல பேசும்போது இதையும் சொல்லி வைங்க. கண்ணுல தாள் கீறினா எதையும் விடாதீங்க, அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. ஒரு நாள் கூலி போனா போகட்டும்.