இன்ஜின் வேலை முடிஞ்சும் புகையும் 'டக் டக்' சத்தமுமா? மறுபடி பிரிக்கும் முன் இதைப் பாருங்க!

ராஜபாளையம் நூல் மூட்டை, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா... இந்தப் பக்கம் சரக்கு ஏற்றி ஓடும் வண்டிகளில் பழைய டீசல் வண்டிகளும் உண்டு. உங்க வீட்டு வண்டியும் அதில் ஒன்றா? இன்ஜின் வேலை பார்த்து வந்த பிறகும் புகை தள்ளுதா? உடனே "மறுபடி பிரிங்க"ன்னு சொல்லிடாதீங்க. போன தடவை எதைக் கழற்றி மாட்டினாங்களோ, முதல் சந்தேகம் அங்கேதான் இருக்கணும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். காற்று, அழுத்தம், டீசல் இறங்கும் நேரம் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் புகை காட்டிக் கொடுத்துவிடும்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் லூஸ், நாசில் ஒழுகல், பம்ப் செட்டிங் எல்லாவற்றையும் பாருங்க.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. முதலில் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கான்னு டிப்ஸ்டிக்கில் பாருங்க. புது ரிங் போட்டிருந்தால், செட் ஆகும்வரை லேசாக வரும். நாளாக நாளாகக் குறையணும். கூடினால் ரிங், வால்வு சீல், டர்போவில் பிரச்னை.

வெள்ளைப் புகை: காலையில் கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பிறகும் வந்தால், டைமிங் தாமதம் அல்லது கம்ப்ரஷன் குறைவு. கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது!

சத்தம் எங்கிருந்து வருது?

பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு சத்தம் வந்தால், டைமிங் முன்னால் போயிருக்கலாம். மார்க்கைச் சரிபார்க்கச் சொல்லுங்க. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால், மெக்கானிக் ஐட்லிங்கில் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணிப் பார்ப்பார். எதை லூஸ் பண்ணும்போது சத்தம் குறைகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில். அந்த நாசிலை பம்ப் கடையில் டெஸ்ட் பண்ணுங்க. நாசில் நல்லா இருந்தால், அடுத்த சந்தேகம் பேரிங், பிஸ்டன் பின் மேல்.

காமன் ரெயில் வண்டியில் இந்த டெஸ்ட் கூடவே கூடாது. 1,000 பார் அழுத்தத்தையும் தாண்டிப் பீய்ச்சும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சத்தம் கனமாக, அடியிலிருந்து வருதா? ஆயில் லைட்டும் எரியுதா? வண்டியை ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க. "பட்டறை வரைக்கும் ஓட்டிடலாம்"னு நினைத்தால், பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்க் வரைக்கும் போயிடும்.

எந்த வரிசையில் பார்க்கணும்?

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டீசல் லைனில் ஏர் லாக், டேப்பெட் கேப், டைமிங், நாசில் டெஸ்ட், கம்ப்ரஷன் டெஸ்ட். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஹெட்டைக் கழற்றணும்.

பட்டறைக்குப் போகும் முன், காலையில் முதல் ஸ்டார்ட்டையும் வண்டி சூடான பிறகு வரும் புகையையும் மொபைலில் சத்தத்தோடு வீடியோ எடுத்துக்கோங்க. மெக்கானிக் முன்னாடி வண்டி சமர்த்தாக நின்றாலும், வீடியோ உண்மையைச் சொல்லிடும்!