போர்வைக்கு உள்ளே

திருவண்ணாமலையில் விழுப்புரம் வண்டி ஏறினால் சுமார் 20 மைலில் திருக்கோவிலூர் வந்துவிடும். பெண்ணையாற்றங்கரை ஊர். உலகளந்த பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு நன்றாகப் பழக்கமான ஊர்தான். ஆனால் படிப்பு பாதியில் நின்றுபோன இரண்டு இளைஞர்களின் சரித்திரத்தில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு என்பது பலருக்கு ஞாபகம் இராது.

முதலாமவர், மதுரையில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன். 1896ஆம் வருஷம், தமையனார் தம்முடைய காலேஜ் சம்பளத்தைக் கட்டச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். திருக்கோவிலூர்ப் பக்கத்தில் கடுக்கனை அடகு வைத்து ரயிலேறி, செப்டம்பர் 1ஆந் தேதி அண்ணாமலையார் சன்னதிக்கு வந்து சேர்ந்தார். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். அவர் படிப்பை விட்டவர்.

இரண்டாமவரைப் படிப்பு விட்டது. 1910ல் ஒரு கணக்கு நோட்டுப் புத்தகத்தோடு அவர் திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்பதற்காக வந்தார். வந்தவர் சீனிவாச ராமானுஜன்.

வயது 22. கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் பட்டமோ, எப்.ஏ. தேறிய சர்ட்டிபிகேட்டோ இல்லை. எல்லாம் கலாசாலையின் முதல் வருஷத்தில் வந்த வினை.

1904ல், பதினாறாவது வயதில், உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்தார். ஊருக்கே பெருமை. ஆனால் அதற்குள் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று அவர் கையில் அகப்பட்டிருந்தது. அந்தப் புஸ்தகம் பையனை அடியோடு விழுங்கிவிட்டது. எப்.ஏ. பரீட்சைக்கோ கணக்கு மட்டும் போதாது. இங்கிலீஷ், சமஸ்கிருதம், உடற்கூறு, கிரேக்க ரோமானிய சரித்திரம் எல்லாவற்றிலும் தேற வேண்டும். வாத்தியார் ரோமாபுரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். பையன் மனசு எண்களோடு இருக்கும். இங்கிலீஷ் கட்டுரையில் தவறியதால் உபகாரச் சம்பளம் போயிற்று. அது போனால் கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை. 1905ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனார். 1906ல் சென்னை பச்சையப்பன் கலாசாலையில் மறுபடி சேர்ந்தார். அங்கேயும் எப்.ஏ. தேறவில்லை.

கலாசாலைக்காரர்களை வைது பயனில்லை. விதி எல்லாருக்கும் பொது, அதன்படி நடந்தார்கள். ஆனாலும் ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. ‘இந்தப் பையன் ஏன் தவறினான்?’ என்று உட்கார்ந்து யோசிக்க ஒருவர் இருந்திருந்தால்?

அந்த ஒருவர் திருக்கோவிலூரில் இருந்தார். இந்தியக் கணித சங்கத்தை 1907ல் தோற்றுவித்தவர் ராமஸ்வாமி ஐயர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இப்பேர்ப்பட்ட மூளையைத் தாலுகா ஆபீஸ் தஸ்தாவேஜுகளில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்காமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கேட்டதைக் கொடுக்காததும் சில சமயம் பேருதவிதான். அதன் பிறகு ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912ல் துறைமுக ஆபீஸில் 30 ரூபாய்க்கு உத்தியோகம் கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே வருஷம் சென்னை சர்வகலாசாலை, பட்டமில்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. விதியைப் போட்டவர்களே அதைத் தளர்த்தவும் முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

1914 மார்ச்சில் குடுமியை எடுத்துவிட்டுக் கப்பலேறினார். இருபத்தாறாவது வயதில் மறுபடியும் ஒரு முதல் வருஷம்! இந்தத் தடவை டிரினிடி கலாசாலையில். சைவச் சாப்பாட்டுக்காக அறையிலேயே தாமே சமைத்துக்கொண்டார். சில மாதங்களில் மகாயுத்தம் மூண்டது. குளிரோ எலும்பைத் துளைத்தது. அப்போது அங்கே படித்த வங்காளத்து மகலனோபிஸ் அவரைப் பார்க்கப் போனபோது, இரவெல்லாம் குளிரில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திப் படுப்பதாக ராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் எல்லாம் மெத்தையைச் சுற்றி இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு மூடியிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் விரிப்பின் மேலேயே படுத்திருந்தார்!

சிரிக்கலாம். ஆனால் முதல் வருஷத்துக் கஷ்டம் முழுவதும் இந்தக் கட்டிலில் அடங்கியிருக்கிறது. கம்பளி இல்லாமலில்லை, அதற்குள் போகும் வழி தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கோ, அது தெரியாதவர்களும் உண்டு என்று தோன்றுவதில்லை.

ஹார்டி ஜாக்கிரதையாக நடந்துகொண்டார். ராமானுஜனுக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுத்தார். அதற்காக அவருக்குத் தெரிந்ததை மறக்கடிக்கவில்லை. 1916ல் ஆராய்ச்சிக்காகவே பட்டம் வந்தது. 1918ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். ஆனாலும் தனிமையும் சாப்பாட்டுக் கஷ்டமும் கூடவே இருந்தன. 1917ல் நோயில் விழுந்தார். 1919ல் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆந் தேதி, 32ஆம் வயதில் காலமானார். எந்த இடத்துக்கும் பழகிப் போவதற்கு ஒரு விலை உண்டு. சிலர் அதை மிக அதிகமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

திருவண்ணாமலைக்கு 1966ல்தான் அரசாங்கக் கலைக் கல்லூரி வந்தது. அதற்கு முன்பு மேல்படிப்பு என்றால் வேலூர், சிதம்பரம், சென்னை என்று பெட்டியைத் தூக்க வேண்டும். இப்போது செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் எத்தனையோ பேர். தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கிலீஷ் இன்னமும் பயங்காட்டுகிறது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ராமானுஜன்கள் அல்ல. அவர்களுக்கு உதவ அப்படி இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அரியர் விழுந்த பையனைக் கூப்பிட்டு, “ராத்திரி எங்கேயப்பா படிக்கிறாய்? யார் சமைக்கிறார்கள்?” என்று ஒரு வாத்தியார் விசாரித்தால் போதும். அதற்குச் சிண்டிகேட்டின் அனுமதி தேவையில்லை.