இசை ஏட்டில் பாவக் குறிகள்

மேனாட்டு இசையை ஏட்டில் எழுதும்போது, சுரத்தின் உயரமும் கால அளவும் ஐந்து கோடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால், அச்சுரத்தை மெல்ல இசைப்பதா, உரக்க இசைப்பதா, படிப்படியாகப் பெருக்குவதா என்பதை அக்கோடுகள் சொல்வதில்லை. அதனைச் சொல்ல வந்தவையே பாவக் குறிகள். அவற்றின் வரலாறு, இன்று கணிப்பொறியில் இசை எழுதுவோர்க்கு நல்ல வழிகாட்டி என்பது என் கருத்து.

1597-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்துக் காப்ரியேலி வெளியிட்ட தொகுப்பில், மென்மை, உரப்பு என்னும் இரண்டையும் தன் பெயரிலேயே தாங்கிய உருப்படி ஒன்று உண்டு. ஒரு குழு தனித்து ஒலிக்குமிடத்தில் 'பியானோ' என்றும், இரு குழுவும் சேருமிடத்தில் 'ஃபோர்த்தே' என்றும் அதில் அச்சிட்டார்கள். இவ்வாறு குறிகள் இட்டு அச்சான மிகப் பழைய உருப்படிகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும், இவ்வழக்கம் உடனே எங்கும் பரவிவிடவில்லை. பாக் 1722-ஆம் ஆண்டினைத் தலைப்பில் இட்டெழுதிய 'நன்கு சுருதி கூட்டிய கிளேவியர்' முதற்பாகத்தில் மெல்ல, உரக்க என்னும் குறிகளே இல்லை. வாசிப்போரின் பழக்கமே அங்கே வழிகாட்டியது. 1837-இல் அந்நூலைப் பதிப்பித்த செர்னி, வேகத்திற்கும் ஒலியளவிற்கும் தாமே குறிகள் இட்டார். பேத்தோவன் வாசிக்கக் கேட்ட நினைவும் தமக்குத் துணையென்றார். நினைவு உயர்ந்ததே. ஆனால், மூலத்தைக் காணாத மாணவன், செர்னியின் கருத்தைப் பாக்கின் ஆணையாகவே கொள்ள நேர்ந்தது.

சைக்கோவ்ஸ்கியோ இதற்கு மறுகோடி. 1893-இல் அரங்கேறிய ஆறாம் சிம்ஃபொனியில், 'பாஸூன்' என்னும் துளைக்கருவிக்கு மென்மையைக் குறிக்கும் 'பி' எழுத்தை ஆறு முறை அடுக்கினார். அத்துணை மென்மை அக்கருவிக்கு அரிது. ஆகவே, நடத்துநர் பலர் அவ்விடத்தைப் பாஸ் கிளாரினெட்டிற்கு மாற்றித் தருகின்றனர். குறி நாடியதை நிறைவேற்ற மனிதன் கருவியையே மாற்றுகிறான்!

கணிப்பொறிக்கு இந்த உசாவல் இல்லை. 1983-இல் வந்த 'மிடி' முறை, கட்டையை அழுத்தும் விசையை 127 வரையுள்ள எண்ணாக்கியது. 'மியூஸ்ஸ்கோர்' மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் 'பி' என்றால் 49; 'எஃப்' என்றால் 96. குறிப்பட்டியலிலிருந்து எடுத்துச் சுரத்தோடு பொருத்திய குறியே இவ்வெண்ணைச் சுமக்கும். அதே எழுத்தை வெறும் உரையாகத் தட்டினால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பொறியோ அதனைப் பொருட்படுத்தாது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பொறி உணர்ச்சியோடு ஒலிக்க வேண்டுமென்று சுரந்தோறும் குறியை அடுக்கினால், நாளை அவ்வேட்டை விரித்து வைத்து வாசிக்கும் கலைஞன் திகைப்பான். பொறிக்கு வேண்டிய திருத்தங்களை அச்சில் தோன்றாமல் மறைத்து வைக்க மென்பொருளிலேயே வழியுண்டு. வாசிப்பவனுக்கு வேண்டியதை மட்டும் ஏட்டில் காட்டுவோம். பிறர் இசையைப் படியெடுக்கும்போது, நாம் சேர்க்கும் குறிகளை அடைப்புக்குள் இடுவோம். நாம் சேர்க்கும் வளைகோடுகளைப் புள்ளிக் கோடுகளாக வரைவோம். அப்போது, இசையமைத்தவர் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று நமக்குப்பின் வருவோர் பிரித்தறிவர்.