கூடாரை நாளும் அக்கார அடிசிலும்

மார்கழித் திங்கள் 27-ஆம் நாள் வைணவத் திருக்கோயில்களின் மடைப்பள்ளிகளில் பால் மணமும் நெய் மணமும் கமழும் நாள். ஆங்கில மாதக் கணக்கில் இது பெரும்பாலும் ஜனவரி 11-ஆம் தேதியில் அமைகிறது. 'கூடாரவல்லி' என்று மக்கள் இந்நாளை வழங்குகின்றனர். பெயரைக் கேட்போர் வல்லி என்னும் பெயருடைய ஒரு தேவியின் திருநாள் இது என எண்ணுதல் கூடும். அப்படி ஒரு தேவி இல்லை. திருப்பாவையின் 27-ஆம் பாசுரம் கூடாரை, அதாவது தன்னோடு இணங்காத பகைவரை, வெல்லும் பெருமானை விளித்துத் தொடங்குகிறது. அத்தொடக்கச் சொற்களே பல நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் தேய்ந்து கூடாரவல்லி ஆயின. ஒரு பாட்டின் முதற்சொல்லே ஆண்டின் ஒரு நாளுக்குப் பெயராய் நிலைத்தது அருமையான நிகழ்ச்சியாகும்.

அந்நாளின் இனிப்பு எத்துணைச் சிறப்புடையது என்பதை அறிய, அதற்கு முந்திய 26 நாட்களை நோக்குதல் வேண்டும். பாவை நோன்பின் விதிகளை ஆண்டாள் இரண்டாம் பாசுரத்திலேயே கூறிவிடுகிறாள். நெய் உண்ணுதல் இல்லை. பால் உண்ணுதல் இல்லை. கண்ணுக்கு மை இல்லை. கூந்தலுக்கு மலர் இல்லை. நோன்பு நோற்பவரோ ஆயர் மகளிர். வீடெல்லாம் பாலும் தயிரும் நெய்யும் நிறைந்திருக்க, அவற்றையே விலக்கி நிற்பதுதான் நோன்பின் அருமை. இல்லாதவன் உண்ணாதிருத்தல் வறுமை. இருப்பவன் உண்ணாதிருத்தலே விரதம். பாகவத புராணமும் தசம ஸ்கந்தத்தில், கோகுலத்துக் கன்னியர் ஹேமந்த ருதுவின் முதல் மாதத்தில் ஹவிஸ் அன்னம் மட்டும் உண்டு காத்யாயனி தேவியை நோற்றதைக் கூறும்.

இந்த விலக்கு 27-ஆம் நாள் நீங்குகிறது. சூடகம், தோள்வளை, தோடு, பாடகம் முதலிய அணிகளைப் பூண்டு, புத்தாடை உடுத்து, பாற்சோறு உண்போம் என்கின்றனர் ஆயர் சிறுமியர். அச்சோற்றின் மேல் வார்த்த நெய் உண்பவரின் முழங்கை வரை வழிந்தோட வேண்டுமாம். யாரும் தனித்து உண்பதாக ஆண்டாள் பாடவில்லை. எல்லோரும் கூடியிருந்து உண்டு உள்ளம் குளிர்தலே அவள் வேண்டுவது.

ஈண்டு ஒரு செய்தியைக் குறித்தல் தகும். திருப்பாவையில் உள்ளது பாற்சோறு மட்டுமே. அக்கார அடிசில் என்னும் பெயர் அதில் இல்லை. அது ஆண்டாளின் மற்றொரு நூலாகிய நாச்சியார் திருமொழியில், 143 பாசுரங்களின் நடுவே, திருமாலிருஞ்சோலை அழகரைப் பாடும் ஒன்பதாம் திருமொழியில் வருகிறது. இரு நூல்களின் இரு அமுதுகளையும் ஒரே நாளில் இணைத்தது பிற்கால அடியாரின் அன்பேயாம். அந்த இணைப்பு மிகப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

'அக்காரம்' என்பது சர்க்கரை. வடமொழியின் சர்க்கரா பிராகிருதத்தில் சக்கரா ஆகித் தமிழில் முதலெழுத்து நீங்கி அக்காரம் ஆயிற்று என்பர் மொழிநூலார். 'அடிசில்' என்பது சமைத்தல் என்னும் பொருளுடைய 'அடு' என்பதன் அடியாகப் பிறந்த தூய தமிழ்ச் சொல். கரும்போ தமிழகத்திற்குப் பழமையானது. அதியமானின் முன்னோர் அதனை இந்நாட்டிற்குக் கொண்டுவந்த செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் குறிக்கிறார்.

சர்க்கரைப் பொங்கலும் இதுவும் ஒன்றென்று கருதுவோர் உளர். அவர்கள் மடைப்பள்ளி ஊழியர் ஒருவரை அணுகிக் கேட்டால் நல்ல விடை பெறுவர். பொங்கல் நீரில் வேகும். அக்கார அடிசிலோ பாலிலேயே வேக வேண்டும். அரிசியைப் போலப் பன்மடங்கு பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, அடி பிடியாமல் கிளறி, பருக்கை இருந்த இடம் தெரியாதபடி குழைய விடுவர். அதன் பின்னரே வெல்லப் பாகு சேர்க்கப்பெறும். முன்னே சேர்த்தால் அரிசி மேலும் வேகாது, பாலும் திரிந்துவிடும். பாகினைக் கரைத்து வடிகட்டி மண் நீக்குதலும் முறை. நெய்யைப் பற்றிக் கணக்குப் பார்த்தல் கூடாது. ஏலமும் குங்குமப்பூவும் பச்சைக் கருப்பூரமும் மணம் தரும். இக்காலத்தில் இடும் முந்திரிப் பருப்பு போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருள். ஆண்டாள் அதனை அறிந்திருக்க இடமில்லை. அழகர் அதனையும் மறுப்பதில்லை.

இனி, ஆண்டாள் செய்த பிரார்த்தனைக்கு வருவோம். நூறு தடா நிறைய வெண்ணெயும், நூறு தடா நிறைய அக்கார அடிசிலும் அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள். தடா என்பது பெரும் பானை. அவன் இன்றே வந்து இவற்றை அமுது செய்வானாகில், ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுப்பதோடு அடிமையும் செய்வேன் என்று அடுத்த பாசுரத்தில் மேலும் உரைக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மலர் தொடுத்து வாழ்ந்த பெரியாழ்வாரின் மகளிடம் நூறு தடா வெண்ணெய்க்கு வழி ஏது? நேர்ந்தது வாயால், கொடுத்ததும் வாயால். பின்னர் அவள் திருவரங்கனோடு கலந்துவிட்டாள் என்பது வரலாறு. நேர்த்தி நின்றுவிட்டது.

கோயில்களில் ஒரு நிவேதனம் ஆண்டுதோறும் தவறாமல் நடத்தற்கு முன்னோர் கண்ட வழி வேறு. பெரும்பொருளை முதலாக வைத்து, அம்முதல் குறையாமல் அதன் பொலிசையைக் கொண்டு திருவமுது நடத்துவர். தஞ்சைப் பெரிய கோயிலில் பரிவாராலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க முதலாம் இராசராசன் (985-1014) 360 காசு வைத்தான். நகரின் வணிகர் அதனைப் பெற்றுக்கொண்டனர். காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு வட்டி. ஆகப் பொலிசை 45 காசு. காசுக்கு 1,200 பழமாக 54,000 பழம். 360 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குச் சரியாக 150. கணக்கில் ஒரு பழம் மிகவில்லை, ஒரு பழம் குறையவில்லை. இக்கணக்கைக் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

ஆண்டாளின் நேர்த்திக்கு இத்தகைய முதலும் இல்லை, நிலமும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பாட்டு மட்டுமே இருந்தது. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாகத் திருப்பாவை கூறும் குறிப்பைக் கொண்டு அவள் காலத்தைக் கி.பி. 731-ஐ ஒட்டி வைத்தார் மு. இராகவையங்கார், ஒன்பதாம் நூற்றாண்டு என்பாரும் உளர். எவ்வாறாயினும், அப்பாட்டை ஓதி வந்தோர் பல தலைமுறையினர். அதனை நிலுவையில் உள்ள கடனாக உணர்ந்தவர் ஒருவரே. அவர் இராமானுசர் (1017-1137).

திருப்பாவையில் இடையறாது ஈடுபட்டதால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் பெற்ற அப்பெரியார், திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் அழகருக்கு அமுது செய்வித்தார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று ஆண்டாளைத் தொழுதார். அப்பொழுது அவள் திருவாய் மலர்ந்து, 'நம் கோயில் அண்ணன்' என அவரை அழைத்ததாகக் குருபரம்பரை கூறும். தங்கை வாக்குக் கொடுத்தால் அதனை நிறைவேற்றுதல் தமையன் கடன் அன்றோ! காலத்தால் முற்பட்டவள் ஆண்டாள். முறையால் மூத்தவர் இராமானுசர் ஆனார். அது முதல் ஆண்டாளின் வாழித் திருநாமமும் அவளை அவருக்குப் பின் பிறந்தவளாகவே போற்றுகிறது.

இன்றும் கூடாரை நாளில் பல திருக்கோயில்களில் நூறு கிண்ணங்களிலோ நூறு பாத்திரங்களிலோ அக்கார அடிசிலை நிரப்பி, வெண்ணெயோடு வரிசையாக வைத்துத் தளிகை சமர்ப்பிக்கின்றனர். தடாவின் அளவு ஊருக்கு ஊர் சுருங்கியும் பெருகியும் இருக்கலாம். நூறு என்னும் எண்ணை மட்டும் எவரும் குறைப்பதில்லை.